ஏழு அடி நடக்காதவள்

12-11-1964, திண்டிவனம்

ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். ஒரு பணியாரத்தை இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "மொதல்ல கை வெச்சவனுக்குப் பெருசு டீச்சர்" என்கிறது ஒன்று. அடிப்பதா சிரிப்பதா தெரியவில்லை. சிரித்துவிட்டேன்.

கடையில் இன்றும் அரிசி இல்லை. மறுபடி கேப்பைக் களி. என் வீட்டுக்காரருக்குக் களி தொண்டையில் இறங்காது. நல்லவேளை, கடைசி டிரிப் விழுப்புரத்தில் முடிவதால் இன்றைக்கு அங்கேயே தங்கல். கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சமையல் என்று பக்கத்து வீட்டு சவுரியம்மாள் கேலி செய்கிறாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. இருபத்தேழு வயதுக்கு மேல் கழுத்தில் ஏறிய தாலி. கேலிகூட இனிப்பாகத்தான் இருக்கிறது.

18-11-1964

விழுப்புரம் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து அவருக்கு சம்மன். வாங்கியவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முகம் சரியில்லை. பிடுங்கிப் படித்தேன்.

விக்கிரவாண்டியில் இருக்கும் பாஞ்சாலி என்கிறவள் புகார் கொடுத்திருக்கிறாள். அவளை 1956இல் கல்யாணம் செய்துகொண்ட இவர், அவள் உயிரோடிருக்கும்போதே அம்சா என்கிற டீச்சரை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டாராம். அது குற்றமாம்.

அம்சா என்கிற டீச்சர் நான்தான். மூன்று தடவை படித்தும் வேறு யாரோ மாதிரியே இருந்தது.

"ஏங்க, யாருங்க இது?"

"வண்டிக்கு நேரமாச்சி. வந்து சொல்றேன்." போய்விட்டார்.

19-11-1964

மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது! கல்யாணத்தை முடித்து வைத்த என் சொந்தத் தாய்மாமன் தாண்டவராயனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"பாப்பா, அது கல்யாணமா? கட்சி மேடையில ரெண்டு பேரும் மாலைய மாத்திக்கினு பிரசங்கம் கேட்டாங்க. ஐயரு இல்ல, ஓமம் இல்ல. அந்த மாதிரி கல்யாணம் செல்லாதுன்னு ஐகோர்ட்டே எப்பவோ தீர்ப்பு சொல்லிடுச்சி. புள்ளையும் பொறக்கல. அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. நீ ஏன் பேஜாராவுற?"

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருப்பியா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

21-11-1964

அவர் அழுதார். ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. "அது மாலை, அம்சா. ஒனக்குத்தான் ஓமம் வளத்து தாலி கட்டனேன். நீதான் பொண்டாட்டி" என்றார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் கெட்ட மனசு. ஓமம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள்மேல் எனக்கு ஒரு இளக்காரம்கூட வந்தது.

பிறகு படுத்துக்கொண்டு யோசித்தால் — என்ன ஓமம்?

மயிலத்தில் ஒரு சத்திரம். முகூர்த்த நாள், ஒரே கூடத்தில் நாலு கல்யாணம். எங்கள் ஐயர் இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். விறகு ஈரம், தீயைவிடப் புகைதான் அதிகம். தாலி கட்டியாயிற்று. தீயைச் சுற்றி ஏழு அடி நடக்க எழுந்தால் கால் வைக்க இடமில்லை. அடுத்த கோஷ்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் "ஐயரே, ஜல்தி வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். அவர் எங்களிடம், "எடம் இல்லை பாருங்கோ. நின்ன எடத்துலயே கண்ண மூடிண்டு மனசால சுத்திக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கண்ணை மூடி ஏழு அடியும் ஒவ்வொன்றாக நடந்தேன். அவர் நடந்தாரா என்று இதுவரை கேட்டதில்லை.

6-12-1964

விழுப்புரத்தில் துரைக்கண்ணு வக்கீல் வீடு. ஏழு வருடம் வரை தண்டனை உண்டு என்றார். முதல் கல்யாணம் செல்லாது என்று வாதாடுவாராம். ஆனால் மாஜிஸ்திரேட் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாதாம். அவளுக்கும் மேடையில் தாலி கட்டியிருக்கிறாராம்.

தாலியா? மாலை என்றுதானே சொன்னார்கள்?

திரும்பி வரும்போது பஸ் விக்கிரவாண்டியில் நின்றது. ஏறிய பெண்கள் எல்லாரையும் இவளா, இவளா என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

10-1-1965

எனக்கு மூன்று மாதம். அம்மா சர்க்கரை வாங்க ஓடினாள். அவர் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷமா பயமா, முகத்தில் இரண்டும் இருந்தது. எனக்கும்தான்.

14-2-1965

இந்தி எதிர்ப்புக் கலவரம். பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது, பஸ்ஸும் சரியாக ஓடவில்லை. அவர் வீட்டிலேயே இருக்கிறார். மல்லாட்டை வறுத்துக் கொடுத்தேன், தோலை உரித்துக் கடலையை என் கையில் போட்டுக்கொண்டே இருந்தார். இந்த மனுஷனை ஜெயிலில் வைத்து நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதே கை அவளுக்கும் உரித்துப் போட்டிருக்கும் என்றும் தோன்றுகிறது. ஒரே மனசில் இரண்டும் எப்படி இருக்கும்?

28-3-1965

வக்கீல் ஆள் அனுப்பி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வாயெல்லாம் பல். டில்லியில் சுப்ரீம் கோர்ட் போன மாதம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறதாம். பம்பாய்ப் பக்கத்து கேஸ். இரண்டாவது கல்யாணம் முறைப்படி ஓமம் வளர்த்து ஏழு அடி நடந்து முடிந்திருந்தால்தான் அது கல்யாணம். அப்படி இல்லையென்றால் குற்றமே இல்லை, ஆளை விட்டுவிட வேண்டியதுதான்.

"டீச்சரம்மா, ஒங்க கல்யாணத்துல ஏழடி நடந்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எடம் இல்லீங்க. ஐயரு மனசால சுத்தச் சொன்னாரு."

வக்கீல் மேஜையைத் தட்டினார். "போதும்! கூண்டுல ஏறி இதையே சொல்லுங்க. கால் நடக்கலன்னு சொன்னா போதும், இவரை யாரும் தொட முடியாது."

அப்படியென்றால் நான் யார் என்று கேட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

29-3-1965

அவள் கல்யாணத்தில் ஓமம் இல்லை, அதனால் அவள் பெண்டாட்டி இல்லை. என் கல்யாணத்தில் ஏழடி இல்லை, அதனால் நான் பெண்டாட்டி இல்லை. இரண்டு பெண்டாட்டி கட்டிய குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறவருக்குக் கடைசியில் ஒரு பெண்டாட்டிகூட இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இப்படிக் கணக்குப் போட்டால் காதைத் திருகியிருப்பேன். டில்லியில் பெரியவர்கள் போட்டால் சரியாகத்தான் இருக்க வேண்டும்.

4-4-1965

அம்மா: "வயித்துல ஒண்ணு இருக்குது. கூண்டுல ஏறி பொண்டாட்டி இல்லன்னு சொல்லிட்டு வந்தா, அது யாரு புள்ளன்னு ஊரு கேக்காதா?"

மாமா: "அப்பன் ஜெயில்ல இருந்தா மட்டும் ஊரு மாலை போடுமா? பொய் சொல்லச் சொல்லலியே. நடந்ததைத்தானே சொல்லச் சொல்றாங்க."

அவர் சொல்ல வேண்டியதை நேற்று, முந்தாநாள், அதற்கு முன்னால் எல்லாம் சொல்லிவிட்டார். "நீ ஒரு வார்த்தை சொன்னா நான் வெளிய வருவேன். வந்த ஒடனே ஓமம் வளத்து, ஊரறிய, ஏழடி இல்ல, எழுவது அடி ஒன்ன இட்டுக்கினு நடக்கறேன்."

அதைச் சொல்லும்போது கண் கலங்குகிறது. பொய்யென்று தோன்றவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் மனசால் நடந்தேனே, அது என்ன ஆகும்? அதற்கு எந்தக் கோர்ட்டில் சாட்சி?

21-4-1965

முடிந்தது. எழுதிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

டவாலி வராந்தாவில் நின்று அவர் பெயரை மூன்று தடவை கூவினான். பிறகு நான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு கூண்டில் ஏறினேன். நம் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். தீ இருந்தது. நடக்கவில்லை. ஏழடியில் ஓரடிகூட இல்லை.

அப்புறம் அவள் தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர். அதட்டுவார் என்று பயந்தேன், மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்படின்னா இவரு ஒனக்குப் புருஷன் இல்ல?"

"...சட்டப்படி இல்லைங்க."

"சரிம்மா. அங்க நிக்கறாரே, அவரு பேரு என்னா?"

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அதே பெயரில் ஒரு பையன் இருக்கிறான், அவனைக்கூட "டேய் மூணாவது பெஞ்சு" என்றுதான் கூப்பிடுகிறேன்.

"பேரைச் சொல்லும்மா. யாரோ எவரோதானே?"

கோர்ட் முழுக்கப் பார்க்கிறது. பின்னால் ஒரு கிழவி, "எப்படிச் சொல்லுவா, புருஷன் பேராச்சே" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. சிரித்தார்கள். நம் வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. சொன்னால் நான் யாருமில்லை. சொல்லாவிட்டால் அவர் ஜெயில். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கிறது. அவர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார், சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சுகிறார்.

"பாண்டுரங்கன்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வயசான வக்கீல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான், வேற கேள்வி இல்ல" என்று உட்கார்ந்தார்.

அம்மாடி. என்ன செய்துவிட்டேன்?

30-4-1965

விடுதலை. முதல் கல்யாணமும் செல்லாது, இரண்டாவதும் நிரூபணமாகவில்லை.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவள் நேராக வந்தாள். பாஞ்சாலி. என்னைவிடக் கறுப்பு, என்னைவிட உயரம். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

"எத்தினி மாசம்?"

"ஏழாவது."

"நின்னுக்கினு இருக்காத, கால் வீங்கிக்கினு கெடக்குது பாரு." அப்புறம் சொன்னாள்: "நான் பொண்டாட்டின்னு சொல்லத்தான் கோர்ட்டுக்கு வந்தேன். நீ இல்லன்னு சொல்ல வந்த. ரெண்டு பேரும் வெறுங்கையோட போறோம். அந்தாளு மட்டும் டீ குடிக்கப் போயிட்டாரு பாரு."

திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் நின்று வக்கீல் குமாஸ்தாவோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

9-7-1965

பெண் குழந்தை. அவர் ஜாடை.

3-2-1966

ஓமம் எப்போது என்று கேட்டேன். அவள் அப்பீலுக்குப் போகிறாளா பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று வக்கீல் சொன்னாராம். தை முடியப் போகிறது. சரி, நியாயம்தான்.

17-7-1966

கேட்டேன். ஆடி மாதம்.

20-12-1966

மார்கழி.

22-7-1967

புது மந்திரிசபை சுயமரியாதைக் கல்யாணத்தைச் செல்லும் என்று ஆக்கச் சட்டம் கொண்டுவருகிறதாம். பேப்பரில் போட்டிருக்கிறது. முன்பு நடந்ததும் சேர்த்து. அவரிடம் காட்டினேன். "பேப்பர்காரன் ஆயிரம் போடுவான்" என்றார். ஆனால் சாயங்காலம் அவரே சொல்கிறார், தையில் நாள் பார்க்கலாம் என்று. இரண்டு வருடம் வாயில் வராத நாள் இன்று எப்படி வந்தது? சந்தோஷப்படாமல் இதை ஏன் நோண்டுகிறேன்? எனக்கே என்னைப் புரியவில்லை.

28-1-1968

தை இருபத்தாறு என்று நாள் குறித்திருந்தோம். சவுரியம்மாளிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

சட்டம் வந்துவிட்டது. டில்லியிலும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்களாம். துரைக்கண்ணு வக்கீல் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். மாமா, அவர், நான். பாஞ்சாலி இன்றிலிருந்து இல்லை, 1956இலிருந்தே சட்டப்படி பெண்டாட்டி. பழையதற்குத் தண்டனை கிடையாது. ஆனால் இனிமேல் ஓமம் வளர்த்து ஏழடி நடந்தால் அது புதுக் குற்றம், இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை.

"அப்ப எனக்கு?" என்று கேட்டேன்.

"பாஞ்சாலி கல்யாணம் செல்லாம இருந்த காலத்துல முறையா நடந்து செல்லுபடியாகியிருந்த கல்யாணத்தை இந்தச் சட்டம் அசைக்காது டீச்சரம்மா. ஏழடி நடந்திருந்தா நீங்களும் பொண்டாட்டிதான். ஆனா நீங்கதான்..." வக்கீல் பாதியில் நிறுத்திவிட்டார்.

தலை சுற்றுகிறது. செல்லாத கல்யாணம் செல்லுகிறது. மூன்று வருடம் முன்னால், ஏழடி நடந்தோம் என்றால் அவர் ஜெயிலுக்குப் போவார் என்று நடக்கவில்லை என்றேன். இன்றைக்கு, நடந்திருந்தால் நான் பெண்டாட்டி. ஒரே ஏழடி.

29-1-1968

மாமா காலையிலேயே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினேன்.

"பாப்பா, அன்னிக்கு பயந்துக்கினு சொல்லிட்டேன், நெசமா நடந்தோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு. ஐயரையும் பாத்துக்கலாம். நீயும் பொண்டாட்டி, அவளும் பொண்டாட்டி. யாருக்கு நஷ்டம்?"

நான் அவரைப் பார்த்தேன். அவர், "ஆமா அம்சா. அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்ன. இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார். அதே கலங்கின கண்.

"நடக்கலியேங்க."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அடப் போ. மனசால நடந்தேன்னு நீதானே சொல்லுவ?"

அப்போதுதான் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "நான் நடந்தேன். நீங்க நடந்தீங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், பாவம். "அந்தப் புகையில எனக்குக் கண்ணு எரிஞ்சிதுன்னுதான் ஞாபகம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருடம் லேட்டாக, மொத்தமாக வந்தது. வெளியே வரணும்னா என் வாய் வேணும், வீட்டுக்குள்ளே இருக்கணும்னாலும் என் வாய் வேணுமா? மாறி மாறிச் சொல்ல நான் என்ன கிளிப்பிள்ளையா? பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை, கத்தவில்லை. "கோர்ட்டுல சொன்னதுதான் சொன்னது. நான் மாத்த மாட்டேன்" என்றேன். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். குழந்தை மட்டும் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்தபோது மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான் என்று எழுதினால் பொய். இப்போதும் தோன்றுகிறது.

11-2-1968

டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகச் சொன்னது நான்தான். பிறகு ஏன் அழுதேன்?

2-3-1968

பாஞ்சாலி சேர்த்துக்கொண்டாளாம். "கவர்மெண்டு பாத்துக் குடுத்தது, வேணாம்னு சொல்லலாமா" என்றாளாம். சவுரியம்மாள் கேட்டு வந்து சொன்னாள். சிரிப்பு வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் சாப்பிடத் தோன்றவில்லை.

16-6-1968

விழுப்புரத்தில் டீச்சர்கள் கூட்டம். குழந்தையை விட்டுப்போக ஆளில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனால் அவர் வண்டிதான் நிற்கிறது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் கூட்டத்துக்கு நேரமாகிவிடும். ஏறிவிட்டேன்.

டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார். என் வரிசைக்கு வந்ததும் குழந்தை கன்னத்தைத் தொட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கண்டக்டர் வீட்டுப் பொம்பளைக்கு எந்தக் கண்டக்டர் டிக்கெட் போடுவான்? கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தத் தடத்தில் டிக்கெட் வாங்கியதே இல்லை.

காசை நீட்டினேன். "கண்டக்டர், ஒரு விழுப்புரம்."

அவர் திரும்பினார். முன் சீட்டுக்காரரும் திரும்பினார்.

"எதுக்கு அம்சா?"

"விழுப்புரம் ஒண்ணு குடுங்க."

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். அப்புறம் டிக்கெட்டைக் கிழித்தார். சில்லறை சரியாக இருந்தது.

விக்கிரவாண்டியில் பாஞ்சாலி ஏறினாள். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போனார், டிக்கெட் கேட்கவில்லை. அவள் பழக்கம்போல முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என் விரலிடுக்கில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள்.

"கொழந்தைய எங்கிட்ட குடு, நீ ஜன்னலோரம் காத்தாட உக்காரு" என்றாள்.

கொடுத்தேன். விழுப்புரம் வரும்வரை அவள் மடியிலேயே தூங்கியது.